லினக்ஸை மாற்றினாலும் கோப்புகள் பத்திரம்

உத்தனப்பள்ளி வீடுகளில் பாஸ் லினக்ஸோடு வந்த அரசின் இலவச மடிக்கணினி இன்னும் ஓடுகிறதா? வேறு லினக்ஸ் போடுமுன் படங்களையும் சான்றிதழ்களையும் தனிப் பார்ட்டிஷனுக்கு மாற்றிவிடுங்கள்.

1. முதலில் பென் டிரைவில் நகல் எடுங்கள். பாதியில் கணினி நின்றால் எல்லாம் அழியலாம்.

2. லைவ் யூஎஸ்பியிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். பயன்பாட்டில் உள்ள பார்ட்டிஷனைச் சுருக்க இயலாது.

3. ஜிபார்ட்டட் செயலியில் இடம் பிரித்து, இஎக்ஸ்டி4 ஆக ஃபார்மட் செய்யுங்கள். லினக்ஸ் கோப்பு அனுமதிகள் அதில் நிலைக்கும்.

4. உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரை ஆர்சிங்க் கட்டளை மூலம், ‘ஏ’ தெரிவுடன் புதிய பார்ட்டிஷனுக்கு நகலெடுங்கள். உரிமையாளர் விவரமும் மறைந்த கோப்புகளும் விடுபடாது.

5. எஃப்எஸ்டேப் கோப்பில் புதிய பார்ட்டிஷனின் யூயூஐடி எண்ணைச் சேருங்கள். டிஸ்க்கின் பெயர் மாறினாலும் எண் மாறாது.

6. பழைய ஹோமுக்கு வேறு பெயரிட்டு, அதே இடத்தில் காலி ஃபோல்டர் உருவாக்குங்கள். புதிய பார்ட்டிஷன் அங்கேதான் இணையும்.

7. மறுபடி லினக்ஸ் நிறுவும்போது இந்தப் பார்ட்டிஷனை ஹோமாகத் தேர்ந்தெடுங்கள். ஃபார்மட் கட்டத்தில் டிக் வேண்டாம். டிக் போட்டால் சேமித்ததெல்லாம் போய்விடும்.