உறக்கத்தில் மூச்சு தடைபட்டால் பகலில் மூளை தளரும்

"இரவெல்லாம் குறட்டை விட்டு உறங்குகிறார், ஆயினும் பகலில் அமர்ந்த இடத்திலேயே கண்ணயர்கிறார், சொன்னதைச் சற்று நேரத்தில் மறந்துவிடுகிறார்." குடும்பத்தினர் இவ்வாறு கூறும்போது, அதனை வயதின் தளர்ச்சி என்றோ சோம்பல் என்றோ ஒதுக்கிவிடலாகாது. ஸ்லீப் ஆப்னியா எனப்படும் உறக்க மூச்சுத்தடை நோயின் அடையாளமாக அது இருக்கக்கூடும்.

இரவில் நிகழ்வது என்ன?

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அத்தளர்ச்சியால் மூச்சுப்பாதை அடைபட்டு, 10 விநாடியோ அதற்கு மேலோ காற்று நின்றுவிடுகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை திடுக்கிட்டு விழித்து மூச்சை மீட்கிறது. உறங்குபவர் பெரும்பாலும் அதனை அறிவதில்லை. மூச்சு நிற்பதும் குறைவதுமான இத்தகைய தடைகள் மணிக்கு 5 முதல் 15 வரை நேர்ந்தால் லேசான நோய் என்றும், 15 முதல் 30 வரை நடுத்தரம் என்றும், 30க்கு மேல் கடுமையானது என்றும் மருத்துவர் வகுப்பர். குறட்டை விடுவோர் அனைவருக்கும் இந்நோய் இருப்பதில்லை. குறட்டை திடீரென நின்று, சிறிது நேரம் அமைதியாகி, பின்பு திணறலோடு மூச்சு திரும்புவதே கவனிக்க வேண்டிய அறிகுறி.

சிந்தனையும் செயல்வேகமும்

துண்டு துண்டான உறக்கமும் மீண்டும் மீண்டும் குறையும் ஆக்சிஜனும் மூளையை இருமுனையில் தாக்குகின்றன. முதலில் குன்றுவது தொடர்ந்து கவனம் செலுத்தும் ஆற்றல். அதனுடன் நினைவாற்றல், திட்டமிடும் திறன், கண்டவுடன் செயல்படும் வேகம் ஆகியவையும் தளர்கின்றன.

இத்தளர்ச்சியின் அளவை அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. லேசான, நடுத்தர நோயுள்ளவர்களின் செயல்வேகம், சில அளவைகளில், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மது ஏறியவர்களைப் போலவோ அதனினும் மோசமாகவோ இருந்தது. நம் நாட்டில் வாகனம் ஓட்டுவோருக்குச் சட்டம் வகுத்த வரம்பு 30 மில்லிகிராமே. ஒரு சொட்டு மதுவும் அருந்தாதவருக்கும் இந்நிலை நேரலாம் என்பதே நாம் உணர வேண்டியது.

அரை விநாடியின் விலை

அபிராமத்திலிருந்து பார்த்திபனூர் வழியாக மதுரைக்கு மிளகாய் மூட்டை ஏற்றிச் செல்லும் வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். ஓட்டுநரின் கால் பிரேக்கை மிதிக்க அரை விநாடி தாமதித்தால், அதற்குள் வண்டி 8 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். சாலையைக் கடக்கும் ஆட்டிற்கும் குழந்தைக்கும் அந்த 8 மீட்டரே உயிர். இரவில் கடலுக்குச் சென்று பகலில் உறங்கும் இராமேசுவரம், பாம்பன் மீனவர்க்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். வலை இழுக்கும் இயந்திரத்தின் அருகே கணநேர அயர்வும் ஆபத்தே.

2013 டிசம்பர் 1 அன்று நியூயார்க் நகரில் ஒரு பயணிகள் ரயில், 48 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல வேண்டிய வளைவில் ஏறத்தாழ 132 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்து தடம்புரண்டது. நால்வர் மாண்டனர். ஓட்டுநர் கண்ணயர்ந்திருந்தார் என்றும், கண்டறியப்படாத கடுமையான உறக்க மூச்சுத்தடை அவருக்கு இருந்தது என்றும் விசாரணையில் தெரியவந்தது.

குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை

நோயாளி தம் குறட்டையை அறியார். ஆகவே உடன் இருப்பவரே முதற்சாட்சி. மூச்சு நிற்பதைக் கைப்பேசியில் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டுங்கள். காலைத் தலைவலி, இரவில் பலமுறை சிறுநீர் கழித்தல், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், காரணமற்ற எரிச்சல் ஆகியவற்றையும் கூறுங்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் குறட்டையைவிடச் சோர்வும் உறக்கமின்மையுமே முன்னிற்கலாம். அமர்ந்து படிக்கும்போதும், பேருந்தில் செல்லும்போதும், உணவுக்குப் பின் அமைதியாக இருக்கும்போதும் உறக்கம் வருகிறதா என எண்ணிப் பாருங்கள்.

தீர்வு உண்டு

ஓரிரவு உறக்கப் பரிசோதனையால் நோயை உறுதி செய்யலாம். முகமூடி வழியே காற்றழுத்தம் தந்து மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியை ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் அறிமுகப்படுத்தினார். நடுத்தர, கடுமையான நோய்க்கு இன்றும் அதுவே முதன்மைச் சிகிச்சை. அதனை நாள்தோறும் இரவு முழுவதும் அணிந்தால் பகல்நேர உறக்கம் சில நாள்களிலோ வாரங்களிலோ குறையும், கவனமும் தெளியும். நினைவாற்றல் மீள்வது சிலருக்குத் தாமதமாகலாம். ஆதலால் சிகிச்சையை விரைந்து தொடங்குவது நன்று. எடையைக் குறைத்தல், ஒருக்களித்துப் படுத்தல், மதுவைத் தவிர்த்தல் ஆகியனவும் துணைபுரியும். மருத்துவரைக் கேளாமல் தூக்க மாத்திரை உட்கொள்ளலாகாது. அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து தரும் மருத்துவரிடம் இந்நோயை மறவாமல் தெரிவியுங்கள்.

வேலை போய்விடுமோ என அஞ்சி ஓட்டுநர் பலர் இதனை மறைக்கின்றனர். வேலைக்கும் உயிருக்கும் ஊறு செய்வது மறைக்கப்பட்ட நோயே. சிகிச்சை பெறுவோர் பலர் பாதுகாப்பாகப் பணிக்குத் திரும்புகின்றனர். உறக்கம் கண்ணைச் சுழற்றும் நாளில் வாகனத்தை எடுக்க வேண்டா. அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது உங்கள் குறட்டையைப் பற்றியும் கூறுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.