முட்டிவலி மாத்திரை வாங்கும் முன்

தங்கச்சி, அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டதென்றால் பிரஷர், சுகர், முட்டிவலி மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்திருக்கும். பிரஷருக்கு ஒரு டாக்டர், சுகருக்கு இன்னொருவர், எலும்புக்கு வேறொருவர். அவரவர் சீட்டு அவரவர் அளவில் சரிதான். ஆனால் எல்லா மாத்திரையும் போவது ஒரே உடம்புக்குள். எல்லாச் சீட்டையும் சேர்த்துப் பார்க்கிற ஆள்தான் பெரும்பாலான வீடுகளில் இல்லை. அந்த ஆளாக நீ இருக்க வேண்டும்.

மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்து வைத்து, கம்பெனி வைத்த பெயரை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் போட்டிருக்கும் மருந்தின் பெயரை ஒரு நோட்டில் எழுது. டெல்மிசார்டான், லோசார்டான், எனலாப்ரில், ராமிப்ரில் என்று இருந்தால் அது பிரஷர் மாத்திரை. ஹைட்ரோகுளோரோதயசைடு, ஃப்ரூசமைடு, டார்சமைடு என்றால் நீர் மாத்திரை. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐப்யூப்ரோஃபென், எடோரிகாக்சிப் என்றால் வலி மாத்திரை. பிரஷர் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் ‘ஹெச்’ என்ற எழுத்து ஒட்டியிருக்கிறதா என்றும் பார். இருந்தால் பெரும்பாலும் அதற்குள்ளேயே நீர் மாத்திரையும் கலந்திருக்கும். “எனக்கு ஒரே ஒரு பிரஷர் மாத்திரைதான்” என்று சொல்பவர்களில் பலருக்கு இது தெரியாது.

இந்த மூன்று வகையும் ஒருவருக்கே சேர்ந்துவிடுவதுதான் எனக்குப் பெரிய பயம். ஏன் என்று சொல்கிறேன். சிறுநீரகத்தில் இருக்கும் நுண்ணிய வடிகட்டி ஒவ்வொன்றுக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். உள்ளே போதுமான அழுத்தம் இருந்தால்தான் கழிவு வடியும். வலி மாத்திரை, உள்ளே வரும் குழாயைச் சுருக்குகிறது. மேலே சொன்ன பிரஷர் மாத்திரைகள் வெளியே போகும் குழாயைத் தளர்த்துகின்றன. நீர் மாத்திரை, ரத்தத்தில் ஓடும் நீரின் அளவையே குறைக்கிறது. வரத்துக் குறைந்து, போக்கும் திறந்துகொண்டால் அழுத்தம் எங்கே நிற்கும்? நம் ஊர் சித்திரை வெயிலில் வியர்த்து, தண்ணீர் சரியாகக் குடிக்காத வயதானவருக்கு, இப்படிச் சிறுநீரகம் வடிகட்ட முடியாமல் போவது சில நாளிலேயே நடந்துவிடலாம்.

எனவே, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மெடிக்கல் ஷாப்பில் “முட்டிவலிக்கு ஏதாவது கொடுங்க” என்று கேட்டு வாங்கவே வாங்காதே. டைக்ளோஃபினாக் டாக்டர் சீட்டோடுதான் விற்க வேண்டிய மருந்து. கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள் என்பதால் அது சாதாரண மருந்தாகிவிடாது. “ஊசி போட்டால் உடனே கேட்கும்” என்று போட்டுக்கொள்வதும் பல நேரம் இதே மருந்துதான். வலிக்கு பாராசிட்டமால் போதுமா, மேலே தடவும் ஜெல் போதுமா என்று டாக்டரிடம் முதலில் கேள். ஜெல்லிலும் அதே மருந்து இருக்கலாம், ஆனால் ரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு. மாத்திரைதான் வேண்டும் என்று அவர் சொன்னால், எத்தனை நாளைக்கு என்று கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்கு. ஐந்து நாளைக்கு எழுதியதை ஐந்து மாதம் சாப்பிடுவதில்தான் ஆபத்து.

மாட்டுக்குப் போட்ட இதே டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. நம் நாட்டில் அந்த இனமே அழியும் நிலைக்கு வந்து, 2006-ல் அரசு கால்நடைகளுக்கு இதைத் தடை செய்தது. மனித உடம்பு அந்தக் கழுகு அளவுக்கு இதனால் பாதிக்கப்படுவதில்லை, அதனால் பதற வேண்டாம். ஆனாலும் இது விளையாட்டு மருந்தல்ல.

அடுத்து, ரத்தப் பரிசோதனை. சிறுநீரகம் வலித்துச் சொல்லாது. அதன் வேலைத்திறன் கிட்டத்தட்ட பாதி குறையும்வரை, அது வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் கூட ரத்தத்தில் இயல்பு அளவுக்குள்ளேயே நின்றுவிடலாம். ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 1.2 என்று இருந்தால் இருபத்தைந்து வயதுப் பையனுக்கு அது கவலையில்லை. எழுபது வயது அம்மாவுக்கு அதே 1.2 என்றால் வடிகட்டும் திறன் 50-க்கும் கீழே போயிருக்கும். ‘இஜிஎஃப்ஆர்’ என்று கேட்டால் இந்தத் திறனைக் கணக்கிட்டுத் தருவார்கள். கூடவே சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல். டெல்மிசார்டான் வகை மாத்திரையைப் புதிதாகத் தொடங்கினாலோ அளவைக் கூட்டினாலோ, ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் கொஞ்சம் ஏறுவது எதிர்பார்த்ததுதான். முப்பது சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் டாக்டர் யோசிப்பார்.

இதைப் படித்துவிட்டு பயத்தில் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதே! சர்க்கரை நோயில் சிறுநீரில் அல்புமின் போகிறவர்களுக்கு டெல்மிசார்டான், லோசார்டான் வகைகள் சிறுநீரகத்தைக் காக்கத்தான் கொடுக்கப்படுகின்றன. “சுகர் மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும்” என்று சொல்லி மெட்ஃபார்மினை நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது. மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் அந்த மருந்து உடம்பில் தேங்கும், அதனால் இஜிஎஃப்ஆர் 45-க்குக் கீழே இறங்கினால் அளவைக் குறைப்பார்கள், 30-க்குக் கீழே நிறுத்துவார்கள். சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுக்கடங்காத சர்க்கரைதான்.

வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் மட்டும் கதை வேறு. அன்றைக்கே டாக்டருக்குப் போன் போட்டு, பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் என்ற இன்னொரு சுகர் மாத்திரை, இவற்றில் எதை இரண்டு நாள் நிறுத்த வேண்டும், எப்போது மறுபடி தொடங்க வேண்டும் என்று கேள். நல்லபடியாக இருக்கும்போதே இதைக் கேட்டு நோட்டில் எழுதி வைப்பது இன்னும் நல்லது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இளநீரும் கேட்காமல் கொடுக்காதே. அதில் பொட்டாசியம் அதிகம்.

‘கேஸ் மாத்திரை’ என்று வருடக்கணக்கில் விழுங்கும் பான்டோப்ரசோல், ஓமெப்ரசோலும் அபூர்வமாகச் சிலருக்குச் சிறுநீரகத்தில் அழற்சியை உண்டாக்கும். இன்னமும் தேவையா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேள். மனநலத்துக்கு லித்தியம் சாப்பிடுகிறவருக்கு ரத்தத்தில் அதன் அளவும் கிரியேட்டினினும் தவறாமல் பார்க்க வேண்டும். அவருக்கு வலி மாத்திரை சேர்ந்தால் லித்தியம் ரத்தத்தில் ஏறிவிடும். சாயம் ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேனுக்குப் போகும்போது மாத்திரை நோட்டை முன்கூட்டியே காட்டு.

உனக்கே ஒரு விஷயம். நீயும் பிரஷருக்கு டெல்மிசார்டான், எனலாப்ரில் வகை சாப்பிட்டு, குழந்தைக்கும் திட்டமிட்டால், கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்றிக்கொள். வயிற்றிலிருக்கும் குழந்தையின் சிறுநீரகத்தை அவை பாதிக்கும். 20 வாரத்துக்குப் பிறகு வலி மாத்திரைகளும் அப்படித்தான். குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பனிக்குட நீர் குறையலாம் என்று 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. மகப்பேறு டாக்டர் எழுதிக் கொடுக்கும் குறைந்த அளவு ஆஸ்பிரின் இதில் சேராது. அதை நீயாக நிறுத்தாதே.

மாத்திரை சாப்பிடுகிற யாருக்காவது சிறுநீர் திடீரென்று குறைந்தாலோ, முகமும் காலும் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, நோட்டையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ, தங்கச்சி. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே.