கல்மரத்தைச் செப்பனிடுதல்

சென்னை வேளச்சேரியில் உட்கார்ந்துகொண்டு அரியலூர்ப் பாறையைப் பற்றி என்ன பெரிதாகச் சொல்லிவிட முடியும் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நான் பாறையை ஆராய்வதில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் அதைப் பற்றி எழுதப்பட்டதைச் சரிபார்க்கிறேன். அந்த வேலையில் பிடிபட்ட சிலவற்றை, இதில் இறங்க நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் அடுக்கு, பிறகு நடை

கட்டுரையைத் திறந்ததும் ஒற்றுப்பிழை திருத்தக் கை பரபரக்கும். பொறுங்கள். ஒவ்வொரு புதைபடிவமும் எந்தப் பாறை அடுக்கில் கிடைத்தது என்று முதலில் பாருங்கள். 1862இல் எச்.எஃப். பிளான்ஃபோர்டு இந்தப் பகுதியின் கிரெட்டேசியக் காலப் பாறைகளைக் கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். ஆகவே 'அரியலூரில் கிடைத்தது' என்று மட்டும் எழுதினால் ஊரா, மாவட்டமா, பாறைத் தொகுதியா என்று தெரியாது. காரையின் களிமண் மேடுகளில் கிடைக்கும் பெலம்னைட் (கணவாய்க்கு உறவான, அழிந்துபோன கடலுயிரி) ஊட்டத்தூர்த் தொகுதியைச் சேர்ந்தது. கலியுக வரதராசப் பெருமாள் கோயில் இருக்கும் கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புக்கல், அரியலூர்த் தொகுதி. அந்தக் கல்லில் தடித்து வளைந்த கிரைஃபியா சிப்பிகள் ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கியதுபோல் கிடக்கும். சிமெண்ட் ஆலைகள் அரைப்பது இந்தச் சிப்பிக் கல்லைத்தான்.

வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

120 மில்லியன் என்பது 12 கோடி. அதை 120 கோடி என்று எழுதியிருந்தால் மீன்கூடத் தோன்றாத காலத்துக்குப் போய்விடுவோம். கிரெட்டேசியக் காலம் சுமார் 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. கிரெட்டேசியப் பாறைக்கு இந்த எல்லைக்குள் அடங்காத எண் கொடுத்திருந்தால் மறுபடி சரிபாருங்கள். சாத்தனூர்க் கல்மரத்துக்குப் பல இடங்களில் 12 கோடி என்று போட்டிருக்கும். அது கிடக்கும் திருச்சிராப்பள்ளித் தொகுதியின் வயதோ சுமார் 9 கோடிதான். ஒன்றை அழித்து மற்றொன்றை வைக்காதீர்கள். இரண்டையும் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள்.

மாவட்டப் பெயர்

பழைய நூல்களில் எல்லாமே திருச்சி மாவட்டம். பெரம்பலூர் 1995இல் பிரிந்தது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, மறு ஆண்டே பெரம்பலூரோடு இணைந்து, 2007இல் மீண்டும் பிரிந்தது. இன்று சாத்தனூர் பெரம்பலூரில், ஊட்டத்தூர் திருச்சியில். திருவக்கரைக் கல்மரங்களோ விழுப்புரம் மாவட்டத்தில், கடலூர் மணற்கல்லில் இருப்பவை. சுமார் 2 கோடி ஆண்டுகளே ஆனவை. இரண்டு கல்மரப் பூங்காக்களையும் ஒரே பத்தியில் குழைத்திருந்தால் பிரித்துவிடுங்கள்.

பரபரப்பைச் சலித்தெடுங்கள்

2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்ததும் டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் பரவியது. அவை அம்மோனைட் என்னும் அழிந்துபோன கடலுயிரி சார்ந்த படிவ உருண்டைகள் என்று நிலவியலாளர்கள் விளக்கினார்கள். அதற்காக 'டைனோசர் முட்டை' என்று கண்ட இடத்தையெல்லாம் வெட்டிவிடாதீர்கள். 2009இல் செந்துறைப் பகுதியில் டைனோசர் முட்டைகளைக் கண்டதாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்திருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு செய்திகள்.

மெருகு கடைசியில்

'உலகமே வியக்கும் பிரம்மாண்டக் கல்மரம்' என்ற வரி இப்படி மாறலாம்: 'சாத்தனூர்க் கல்மரம் சுமார் 18 மீட்டர் நீளமுள்ளது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் இதைப் பதிவுசெய்தார். புதையுண்ட மரத்தின் திசுக்களில் நிலத்தடி நீரிலிருந்த சிலிக்கா படிந்து அது கல்லானது.' அடைமொழி போய் அளவும் ஆளும் காரணமும் வந்துவிட்டன. இனி ஒற்றுப்பிழைகளைத் திருத்தலாம்.