கல்லூரிப் பாடமும் ஊராட்சியின் கடமையும்

உயர்ந்த பேராசிரியரிடம் பாடம் கேட்க நகரத்திற்குச் சென்றே ஆகவேண்டும் என்ற நிலை மாறி வருகிறது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ஆம் ஆண்டில் ‘என்பிடெல்’ திட்டத்தைத் தொடங்கின. பொறியியல், அறிவியல் பாடங்கள் படமெடுக்கப்பட்டு, இணையத்தின் வழியே இலவசமாக வழங்கப்படுகின்றன. வேளாண்மைப் பொறியியலும் அவற்றுள் அடங்கும். 2017-இல் மத்திய அரசாங்கம் ‘ஸ்வயம்’ தளத்தை நிறுவிப் பிற துறைப் பாடங்களையும் சேர்த்தது. பாடம் கேட்கக் கட்டணமில்லை. சான்றிதழ் விரும்புவோர் மட்டும் கட்டணம் செலுத்தித் தேர்வு எழுதவேண்டும். 2021-ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி, கல்லூரி இசைந்தால், ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ‘ஸ்வயம்’ வழியே பயிலலாம்.

இதனால் விளையும் நன்மை யாது? வகுப்பில் விளங்காததை மாணவர் மீண்டும் மீண்டும் கேட்கலாம். ஆயினும் பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. தனியே பயில்வோர் பாதியில் விட்டுவிடுவதும் உண்டு. வீட்டில் ஒரே கைப்பேசி இருப்பின், அது தந்தைக்கும் தமையனுக்கும் போக, மகளின் படிப்பு காத்திருக்கும்.

ஆகவே, பாடம் ஊருக்கு வந்தால் மட்டும் போதாது. அமர்ந்து படிக்க இடமும் வேண்டும். ஊர் நூலகத்தில் ஒரு கணிப்பொறி, இணைய இணைப்பு, மாலையில் விளக்கு, பெண்களுக்கெனத் தனி நேரம், ஐயம் தீர்க்க ஊர்ப் பட்டதாரி ஒருவர் ஆகியவற்றை நாம் ஏற்படுத்த வேண்டும். இணையம் எட்டாத ஊரில் ‘ஸ்வயம் பிரபா’ தொலைக்காட்சிப் பாடங்கள் உதவும். அடுத்த கிராம சபையில் இதனை முடிவு செய்வோமாக.