அரூர் வெயிலைத் தாங்கும் துஜா: விதை போடும் முன் அக்கா சொல்வது

கொடைக்கானல் பைன் காட்டில் பொறுக்கி வந்த காயை அரூர் மாடியில் முளைக்கவைக்கப் பார்க்கிறாய். ஆசை நல்லதுதான் பாப்பா, ஆனால் அந்தக் காய் வேண்டாம். தரையில் விரிந்து கிடக்கும் காயில் பெரும்பாலும் விதையே இருக்காது. இறக்கை வைத்த விதைகள் மரத்தில் இருக்கும்போதே பறந்திருக்கும். தப்பித்தவறி ஒன்றிரண்டு முளைத்தாலும், அங்கே அதிகம் நிற்கும் பாட்டுலா பைன் மெக்சிகோ மலைக்குளிரில் பிறந்தது. நம்ம சித்திரை வெயில் அதற்கு ஆகாது. பாக்கெட்டில் விற்கும் நீல ஸ்ப்ரூஸ் விதைக்கும் இதே பதில்தான். படத்தைப் பார்த்துக் காசைக் கரைக்காதே.

நம்ம ஊருக்குத் துஜாதான் சரி. சீனா, கொரியாப் பக்கத்து மரம். சூடு, வறட்சி, சுண்ணாம்பு மண் எல்லாவற்றையும் தாங்கும். பூங்காவிலோ பழைய வீட்டு வாசலிலோ வளர்ந்த மரம் இருந்தால் கேட்டுவிட்டு நாலு காய் பறித்துக்கொள். பிஞ்சுக்காய் நீலம் பூத்த பச்சையாக, முனையில் கொக்கி மாதிரி கொம்புகளோடு இருக்கும். அது ஆகாது. பழுப்பாகி, செதில் லேசாக வாய் திறக்கும்போது பறி. காகிதக் கவரில் போட்டு நிழலில் வைத்தால் விதை தானாக உதிரும். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவை. மூழ்கியதை எடுத்துக்கொள், மிதப்பதில் பெரும்பாலும் பொக்கு.

கோல்டன் துஜாவில் எடுத்த விதை அதே மஞ்சள் நிறத்தில் வரும் என்று எதிர்பார்க்காதே. அந்த நிறம்தான் வேண்டுமென்றால் நர்சரியில் கன்றாகவே வாங்கு.

ஐப்பசி அடைமழை ஓய்ந்து, கார்த்திகை கடைசியில் விதை போடு. ஆற்று மணல் ரெண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, கழுவிய தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. தொழு உரம் இப்போது வேண்டவே வேண்டாம். அரை விரற்கடை ஆழம் போதும். அடியில் ஓட்டை இல்லாத தொட்டியில் போடாதே.

நாற்று சாவது பெரும்பாலும் தண்ணீரால்தான். முளைத்த பிள்ளை தண்டடி கறுத்துச் சாய்ந்தால் அது நாற்றழுகல். ஈரத்தில் வளரும் பூஞ்சையின் வேலை. சாய்ந்த பிறகு மருந்து தேடிப் பயனில்லை, அதனால் வரவிடாமல் பார்த்துக்கொள். விதைக்கும்போதே மண்ணில் கொஞ்சம் ட்ரைக்கோடெர்மா விரிடி கலந்துவிடு, உரக்கடையில் கிடைக்கும். மேல்மண் வெளுத்த பிறகு, காலையில் மட்டும், ஸ்ப்ரேயரால் தெளி. போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் மண்மேல் வெள்ளையாகப் படிந்து இறுகிவிடும். பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரோ நல்லது.

ரெண்டு முதல் நாலு வாரத்தில் முளைக்கும். அப்போது துஜா மாதிரியே இருக்காது; ஊசி ஊசியாக இலை விடும். களை என்று பிடுங்கிவிடாதே! தட்டையான விசிறி இலை பிறகுதான் வரும்.

விரல் உயரம் வந்ததும் தனித்தனி நாற்றுப் பைக்கு மாற்று. தண்டைப் பிடிக்காதே, வேர்மண்ணோடு அள்ளி வை. பங்குனி, சித்திரையில் பாதி நிழல் தரும் பச்சை வலை கட்டு. இலை வெண்கல நிறமாக மங்கினால் செஞ்சிலந்தியாக இருக்கலாம். இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவு. வளர்ந்த பிறகு கத்தரிக்கும்போது பச்சை நுனியை மட்டும் வெட்டு. இலையில்லாத பழைய கட்டை வரை வெட்டினால் அந்த இடம் திரும்பத் துளிர்ப்பது அரிது. குழந்தைகள் காயை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்.

முதல் வருஷம் ஒரு சாண் வளர்ந்தாலே நல்ல வளர்ச்சிதான். அவசரப்பட்டு யூரியா வைக்காதே. ரெண்டு வருஷம் பையிலும் தொட்டியிலும் வைத்துத் தேற்றி, பிறகு ஆடி, ஆவணி மழையில் சுவரை விட்டு ஆறடி தள்ளித் தரையில் நடு.