பப் சாப்பாடும் தேகப்பயிற்சியும்: எதைக் கொள்வது, எதை விடுவது

இங்கிலாந்தில் வசிக்கும் ஒருவர் தேகப்பயிற்சியில் புதிதாக இறங்கும்போது, முதல் வாரத்து உற்சாகத்திலே, தெருமுனையில் இருக்கும் பப்பின் பக்கமே இனித் தலைவைத்துப் படுப்பதில்லை என்று சங்கற்பம் செய்துகொள்வது சர்வசாதாரணமான விஷயம். அந்தச் சங்கற்பம் அநாவசியம் என்பது என் அபிப்பிராயம். பப் என்பது மது விற்கும் இடம் மாத்திரமன்று. அண்டை அயலார் கூடிப் பேசும் பொதுக்கூடம் அது. லண்டன் ஃபாரிங்டன் சாலையிலுள்ள ‘தி ஈகிள்’ 1991-இல் புதியவர்கள் கைக்கு மாறி, ‘காஸ்ட்ரோபப்’ என்ற வகைக்கே முன்னோடியானது முதற்கொண்டு, தேர்ந்த சமையலுக்காகவே ஜனங்கள் நாடிச் செல்லும் இடமாகவும் அது பல ஊர்களில் ஆகியிருக்கிறது. நல்ல சாப்பாட்டையும் நாலு பேருடைய சகவாசத்தையும் துறந்து நடத்தும் பயிற்சி நெடுநாள் நிலைப்பதில்லை. ஆகவே, போகலாமா கூடாதா என்று தர்க்கம் செய்வதை விட்டு, எந்த நாளில் போவது, எந்தப் பதார்த்தத்தைக் கேட்பது, எவ்வளவு குடிப்பது என்ற மூன்றையும் நிர்ணயித்துக்கொள்வதே பிரயோஜனமுள்ள காரியம்.

அதற்கு முன் ஒரு கணக்கு. எழுபது கிலோ நிறையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் உத்தேசமாக 350 கலோரி செலவாகும்; நாலு சதவீத பிட்டர் பீர் ஒரு பைண்ட், அதாவது 568 மில்லிலிட்டர், ஏறத்தாழ 180 கலோரி கொண்டது. ஓட்டம் முழுவதையும் இரண்டு பைண்ட் விழுங்கிவிடுகிறது என்றால், ஓடியதற்குக் கூலியாகச் சாப்பிடலாம் என்ற எண்ணம் எவ்வளவு பலவீனமானது என்பது சொல்லாமலே விளங்கும். இருதயத்துக்கும் சுவாசத்துக்கும் தசைக்கும் நித்திரைக்கும் ஓட்டம் செய்யும் உபகாரம் வேறு. தட்டில் வருவதைக் கழித்துக் காட்டுவது அதன் வேலையன்று.

முதலில் நாளைப் பார்ப்போம். வெள்ளிக்கிழமை மாலையா, ஞாயிறு நண்பகலா என்பதே பெரும்பாலோர் முன் நிற்கும் தேர்வு. 2004-இல் தென்மேற்கு லண்டனிலுள்ள புஷி பார்க்கில் தொடங்கிய ‘பார்க்ரன்’ என்னும் 5 கிலோமீட்டர் இலவச ஓட்டம் இங்கிலாந்து முழுவதும் சனிக்கிழமை காலை 9 மணிக்கு நடக்கிறது. முந்தைய இரவு வறுத்த மீனும் பீருமாகக் கழித்தவர், மது கலைத்த அரைத் தூக்கத்தோடும் கனத்த வயிற்றோடும் ஓட்டம் தொடங்கும் கோட்டிலே வந்து நிற்க வேண்டியிருக்கும். பலர் நிற்பதே இல்லை. ஞாயிறு நண்பகலுக்கோ முன்னால் ஒரு முழுக் காலை இருக்கிறது, பின்னால் ஜீரணத்துக்கு ஒரு பிற்பகல் இருக்கிறது. வயல்வெளி ஒற்றையடிப் பாதைகளில் நாலைந்து மைல் நடந்து, அந்த நடை முடியும் பப்பிலே உட்கார்ந்து சாப்பிடுவது இந்நாட்டாரின் பழைய வழக்கம். புதிதாகப் பயிற்சி செய்பவருக்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் அறியேன்.

ஞாயிறு ரோஸ்டையே பப் பதார்த்தங்களில் முதலாவதாக நான் வைப்பதற்கு அது காரணமன்று. அதன் தட்டு பாகம் பாகமாகப் பிரிந்து வருவதுதான் காரணம். மெல்லிய துண்டங்களாக அரிந்த மாட்டிறைச்சி, பக்கத்தில் காரட்டும் முட்டைகோசும் பார்ஸ்னிப் கிழங்கும், மேலே உப்பிக் குழிந்து குழம்பைத் தாங்கி நிற்கும் யார்க்‌ஷையர் புட்டிங், காரத்துக்கு ஹார்ஸ்ராடிஷ் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே கண்ணுக்குத் தெரிவதால், எதில் எவ்வளவு கொள்வது என்பது உண்பவர் வசத்திலேயே இருக்கிறது. உருளைக்கிழங்கில் மாத்திரம் ஜாக்கிரதை வேண்டும். அரைவேக்காடாக அவித்து, பாத்திரத்தோடு குலுக்கி விளிம்புகளைச் சொரசொரப்பாக்கி, காய்ந்த வாத்துக் கொழுப்பிலோ மாட்டுக் கொழுப்பிலோ சுட்டெடுப்பதால் அந்தச் சொரசொரப்பு முழுவதும் மொறுமொறுவென்று ஆகிறது. ருசி அங்கேதான், கொழுப்பும் அங்கேதான். மூன்று துண்டு போதும். மாட்டிறைச்சி உண்ணாதவருக்குக் கோழியும் ஆடும் உண்டு. சைவருக்கு நட் ரோஸ்ட் உண்டு, ஆனால் கொட்டைப் பருப்பினாலானது என்பதால் அது இலேசான ஆகாரமன்று.

அடுத்தது மீனும் சிப்ஸும். காட் அல்லது ஹாடக் மீனை மாவுக் கரைசலில் தோய்த்து, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் இடும்போது மாவு உடனே இறுகிக் கூடாகிவிட, மீன் தன் ஈரத்திலேயே உள்ளே ஆவியில் வேகிறது. எண்ணெய் பெரும்பாலும் கூட்டிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே கூட்டில் பாதியை ஒதுக்கினால் மீனுக்கு யாதொரு குறையும் நேராது. தடித்த சிப்ஸ், மெல்லியதைவிட நிறைக்கு நிறை குறைவாகவே எண்ணெய் குடிக்கும். ஆயினும் பாதி சிப்ஸை விட்டு, மசித்த பட்டாணியை முழுவதும் உண்பது நலம்.

பை விஷயம் அப்படியன்று. அதன் மேலோட்டுக்கான மாவில், மாவின் நிறையில் சுமார் பாதியளவு கொழுப்பு பிசைந்திருக்கிறது. மேலும் கீழும் பக்கமும் அந்த ஓடே சூழ்ந்திருப்பதால் பிரித்தெடுக்க இடமில்லை. அந்த பப்பிலேயே கையால் செய்த பையாக இருந்தால், மாதம் ஒருமுறை, பீரும் இனிப்பும் இல்லாமல், முழுவதையும் மனநிறைவோடு சாப்பிடுங்கள். ஆலையிலிருந்து உறைந்து வந்து சூடேறிய பைக்காக அந்த ஒருமுறையைச் செலவழிப்பது பெரிய நஷ்டம்.

இலேசானதென்று மயங்கிப் பலர் கேட்பது பிளவ்மன்ஸ் லஞ்ச். ரொட்டி, ஊறுகாய், ஆப்பிள் என்று சாதுவாகத் தோன்றினாலும், செடார் பாலாடைக்கட்டியின் பெரிய துண்டம் ஒன்றே ஒரு வேளை ஆகாரத்துக்குச் சமானம். பெரிய நிறுவனங்களின் பப்களில் எது இலேசானது என்ற சந்தேகத்தை உணவுப் பட்டியலே தீர்த்துவிடும். 250 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ளவர்கள் கலோரியை அச்சிட வேண்டுமென்பது 2022 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் சட்டம். மேற்கு மிட்லண்ட்ஸ் பக்கம் போகிறவர்கள், பஞ்சாபியர் நடத்தும் ‘தேசி பப்’களில் தந்தூர் அடுப்பில் சுட்ட மிக்ஸட் கிரில்லைக் கேட்கலாம், நானைக் குறைத்துக்கொண்டால் பயிற்சி செய்பவருக்கு அது உத்தமமான தட்டு.

எல்லாவற்றிலும் கண்டிப்பு தேவைப்படுவது பானத்தில்தான். வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேற்படாமல் இருப்பது உத்தமம் என்பது அரசாங்க வைத்தியர்களின் ஆலோசனை. நாலு சதவீத பீர் ஒரு பைண்டிலே 2.3 யூனிட் இருக்கிறது. நால்வர் ஒரு மேஜையில் அமர்ந்தால் ஆளுக்கொரு சுற்று எல்லோருக்கும் வாங்கும் ‘ரவுண்ட்’ வழக்கப்படி, வேண்டாதவருக்கும் நாலு பைண்ட் வந்து சேர்கிறது. முதல் சுற்றிலேயே “எனக்கு அரை பைண்ட்” என்று சொல்லிவிட்டால், மற்றச் சுற்றுகளும் அந்த அளவிலேயே நிற்கும். நடுவில் ஒன்று லைம் சோடாவாகவோ மதுவற்ற பீராகவோ இருக்கலாம், உங்கள் முறை வரும்போது மற்றவர்களுக்குக் குறையில்லாமல் வாங்கிக் கொடுத்தால் மனஸ்தாபத்துக்கு இடமே இல்லை.