டச்சுக் கப்பலும் நாகூர் ஆண்டவரும்

கேள்வி: நாகூர் ஆண்டவர் முடி வெட்டிக்கொண்டிருந்தபோது கண்ணாடியை வீசி, நடுக்கடலில் தத்தளித்த டச்சுக் கப்பலின் ஓட்டையை அடைத்தாராம். எங்கள் பாட்டி சொல்லுவார். இதில் எது வரலாறு, எது கதை?
— வாசகர், காரைக்கால்

பதில்: முதலில் ஆண்டுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். நாகூர் ஆண்டவர் எனப்படும் சூஃபி ஞானி ஷாகுல் ஹமீது மறைந்தது 1570களில். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியதே 1602இல்தான். போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தை டச்சுக்காரர் பிடித்தது 1658இல். ஆகவே இந்தக் கதை ஆண்டவரின் வாழ்நாளுக்குச் சாட்சி ஆகாது.

அதற்காக அதை ஒதுக்கிவிடவும் வேண்டாம். டச்சுக்காரர் இந்தக் கரைக்கு வந்த பிறகே கதை இந்த வடிவத்தை எடுத்திருக்கிறது. கடலோடிகளைக் காப்பவர் என்று ஆண்டவரை அன்றைய மக்கள் நம்பியதை அது காட்டுகிறது. மரைக்காயர்களும் மற்றத் தமிழ் முஸ்லிம் வணிகர்களும் போன இடமெல்லாம் அந்த நம்பிக்கையும் போனது. சிங்கப்பூர் தெலோக் ஆயர் தெருவில் 1828–1830இல் எழுந்த நாகூர் தர்காவைப் பாருங்கள்: ஆண்டவரின் அடக்கத்தலம் அங்கே இல்லை, அவர் பெயரில் நினைவிடம் மட்டுமே.

காலம் பொருந்தும் கதைகளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். அச்சுதப்ப நாயக்கரின் தீராத நோய்க்கு, ஊசி குத்தி ஒளித்துவைத்த புறாவே காரணம் என்று கண்டு, ஆண்டவர் ஊசிகளைப் பிடுங்கினாராம், மன்னர் பிழைத்தாராம். அச்சுதப்பர் தஞ்சையை ஆண்டது வரலாறு. ஆனால் மன்னர் உண்மை என்பதால் புறாவும் உண்மையாகிவிடாது.

அடுத்து, எழுதியவரின் காலம். இத்தகைய கதைகளுக்குப் பலரும் ஆதாரம் காட்டும் ‘கன்ஜுல் கராமாத்து’ நூலை எழுதிய குலாம் காதிறு நாவலர் பிறந்தது 1833இல். ஆண்டவருக்கும் அவருக்கும் இடையே இரண்டரை நூற்றாண்டு. அவர் பதிவு செய்தது, தம் காலம் வரை வழிவழியாக வந்த மரபை.

ஐயத்துக்கு இடமில்லாத சான்றும் நாகூரிலேயே நிற்கிறது. அங்குள்ள ஆண்டவர் தர்காவின் 131 அடி உயரப் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் (ஆட்சி 1739–1763). இந்து அரசர் ஒருவர் அந்தத் தர்காவை எவ்வளவு மதித்தார் என்பதற்கு அற்புதக் கதை எதுவும் தேவையில்லை.

பாட்டியின் கதையை, அவர் யாரிடம் கேட்டார் என்பதோடு சேர்த்து எழுதி வையுங்கள். ஆண்டவர் காலத்துக்கு இல்லாவிட்டாலும், உங்கள் ஊரின் நம்பிக்கைக்கு அது நல்ல ஆவணம்.